ஒரே சாவிக்காரன் சிவரூபன்

மண்டபத்தில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் சிவரூபனை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு ஒல்லி. சட்டைக்குள் ஆள் இருக்கிறானா, சட்டை மட்டும் தனியாக பஸ் ஏறுகிறதா என்று கண்டக்டருக்கே சந்தேகம் வரும். ஆனால் அந்த உடம்பில் இருந்த பத்து விரலும் சும்மா இருந்ததில்லை. ராமேஸ்வரம் தீவிலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் லாட்ஜ், கருவாட்டு மண்டி, டிராவல்ஸ் வேன், பல் டாக்டர், பந்தல்காரர் என்று யாருக்கு வெப்சைட் இருந்தாலும் அது அந்த விரல்களுக்குள் அடக்கம்.

ஆள் பிறந்தது மண்டபம் அகதி முகாமில். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கமலாதேவி மட்டும் கூட இருந்தார். முகாமுப் பையன்கள் மீசை முளைத்த கையோடு பெயிண்ட் பிரஷ்ஷைத் தூக்குவார்கள். தமிழ்நாட்டில் பாதிச் சுவருக்கு நாங்கள்தான் நிறம் கொடுத்தோம் என்று அவர்கள் சொன்னால், மீதிப் பாதிச் சுவரும் ஆமாம் என்று தலையாட்டும். சிவரூபனும் பிரஷ்ஷைத் தூக்கிப் பார்த்தான். அவன் ஏணியில் நாலு படி ஏறினால் கீழே நிற்கிறவர்களுக்குத் தலை சுற்றியது. மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டு, உட்கார்ந்து பார்க்கிற வேலையாகப் பார் சாமி என்று அனுப்பிவிட்டார்.

உட்கார்ந்து பார்க்கிற வேலை உச்சிப்புளியில் ஹமீது நடத்திய நெட் சென்டரில் கிடைத்தது. ஹமீதுக்கு வாய் பெரிது, அதைவிட மனசு பெரிது. முகாமுக்காரன் என்று தள்ளி வைக்காமல் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டு, “மேஞ்சுக்கலே” என்று சொல்லிவிட்டான். சிவரூபன் மேய்ந்த மேய்ச்சலில் வெப்சைட் கட்டுகிற வித்தை வந்துவிட்டது. கொஞ்ச நாளில் ஹமீதுக்குச் சவூதியில் தம்மாமில் வேலை கிடைத்தது. கடையைப் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விமானம் ஏறினான்.

கடை சிவரூபன் கையில். ஆனால் எல்லாம் ஹமீது பெயரில். கரண்ட் அவன் பெயர், வெப்சைட்டுகளை வைத்திருந்த ஹோஸ்டிங் கணக்கு அவன் பெயர், அதில் பதிந்திருந்த போன் நம்பரும் அவன் பெயர். முகாமுக்காரன் கையில் இருக்கிற அட்டையைக் காட்டினால் எந்தக் கம்பெனிக்கும் அது என்ன அட்டை என்றே புரியாது. முகாமுக்காரனுக்குக் காய்ச்சல் மட்டும்தான் சொந்தப் பெயரில் வரும். மற்றதெல்லாம் யாராவது நல்லவர் பெயரில்தான் வரவேண்டும்.

இந்த ஹோஸ்டிங் என்பதும் பெரிய ரகசியம் இல்லை. வெப்சைட்டுக்குத் தனி பங்களா கட்ட ராஜா வீட்டு ஆட்களால்தான் முடியும். ஏழை வெப்சைட்டுகள் லைன் வீட்டில் குடியிருக்க வேண்டியதுதான். எங்கேயோ ஒரு சர்வர், அதற்குள் ஊர்ப்பட்ட குடித்தனம், எல்லாருக்கும் ஒரே கூரை, ஒரே குழாய். ஒவ்வொரு வெப்சைட்டும் தன் சட்டி சாமானை எல்லாம் டேட்டாபேஸ் என்கிற பெட்டியில் போட்டு வைத்திருக்கும். அதைத் திறக்க யூசர் பெயர் ஒன்று, பாஸ்வேர்டு ஒன்று. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி யூசர் போடு, ஒருத்தன் பெட்டியை இன்னொருத்தன் தொட விடாதே என்று ஹோஸ்டிங் கம்பெனிக்காரன் தலைப்பாடாக அடித்துக்கொண்டான்.

சிவரூபன் வளர்ந்த முகாம் லைனில் நடைமுறை வேறு. பெயிண்ட் வேலைக்கு வாரக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். திடீரென்று அதிகாரிகள் செக்கிங் வந்தால் கதவைத் திறந்து காட்ட ஆள் வேண்டுமே. கொடுத்து, வாங்கி, மறந்து, மாற்றிக் கொடுத்து, எது யார் சாவி என்று பிரம்மாவுக்கே தெரியாமல் போனது. கடைசியில் லைன் முழுக்க ஒரே சாவியில் திறக்கிற பூட்டாகப் பார்த்து வாங்கி மாட்டிவிட்டார்கள். ஒரு நாளும் திருட்டுப் போனதில்லை. திருட வருகிறவன் உள்ளே பார்த்தால் மனசு கேட்காமல் எதையாவது வைத்துவிட்டுத்தான் போவான்.

அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியவன், வெப்சைட்டுகளுக்கும் அதையே செய்தான். லாட்ஜ் பெட்டி, கருவாட்டுப் பெட்டி, பல் டாக்டர் பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்டு. தனித்தனிச் சாவி போடுவது பக்கத்து வீட்டுக்காரனைத் திருடன் என்று சொல்வதுபோல அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த லைனில் கடைசி வீடாக அவனுடைய சொந்த வெப்சைட் ஒன்றும் குடியிருந்தது. பெயர் ‘எந்தப் படகு’. முகாமில் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி அது. கடலில் பிரிந்துபோனவர்களைத் தேடுகிறவர்கள் அதில் பதியலாம். இன்னார், இந்த ஊர், இந்தப் படகு, கடைசியாகப் பார்த்தது இங்கே என்று எழுதிப் போட்டால், கனடாவிலோ நோர்வேயிலோ இருக்கிற யாராவது பார்த்துப் பதில் போடலாம். முதல் பதிவு கமலாதேவியுடையது. மன்னார்ப் பக்கம் ஒரு கரையில் அவரை முதல் படகில் ஏற்றிவிட்டு, இடமில்லாததால் அடுத்த படகில் வருகிறேன் என்று சொன்ன தம்பி இரத்தினசிங்கத்தைப் பற்றியது. முதல் படகு தனுஷ்கோடி மணல் திட்டில் இறக்கிவிட்டது. அடுத்த படகு எங்கே போனது என்று கடலுக்குத்தான் தெரியும். கடல் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

பதில் வந்தால் பதிந்தவருக்கு ஒரு மெயில் போகும்படி சிவரூபன் ஏற்பாடு செய்திருந்தான். ஆனால் மெயிலில் யார் எழுதினார், என்ன எழுதினார் என்று எதுவும் இருக்காது. உள்ளே வந்துதான் பார்க்க வேண்டும். முகாமுச் சனத்துக்கு அந்தப் பயம் உண்டு. போனில் வெளிநாட்டுப் பெயர் ஒன்று கிடந்து, அதை யாராவது அதிகாரி பார்த்து, கூப்பிட்டு உட்கார வைத்து விசாரித்தால் என்ன ஆவது? ஆகையால் மெயிலுக்கு ஏழு பூட்டுப் போட்டான். வீட்டுக்கு மட்டும் லைன் சாவி. அவன் புத்திசாலித்தனத்தை மெச்சி ராமேஸ்வரம் கோயில் யானை மாலை போட்டிருக்கும். அதற்கு விஷயம் தெரியவில்லை.

ஒரு நாள் ராமேஸ்வரத்து லாட்ஜிலிருந்து போன் வந்தது. அவர்கள் வெப்சைட்டைத் திறந்தால் அறை வாடகைக்குப் பதிலாக ஏதோ வெளிநாட்டுச் சூதாட்டம் வருகிறது, தீர்த்தமாட வந்த குடும்பத்துக்கு முன்னால் மானம் போகிறது என்று மேனேஜர் கத்தினார். சிவரூபன் பஸ் ஏறினான். அக்காள்மடம் தாண்டும்போது போன் துடித்தது. அம்மாவின் பதிவுக்காக அவன் கொடுத்து வைத்திருந்த முகவரிக்கு ஒரு மெயில்: உங்கள் பதிவுக்கு ஒரு பதில் வந்திருக்கிறது, உள்ளே வந்து பார்க்கவும்.

இத்தனை வருடத்தில் முதல் தடவை. வேறு ஒருவனாக இருந்தால் முதலில் உள்ளே போய்ப் பார்த்திருப்பான். இவன் முதலில் அம்மாவுக்குப் போன் போட்டான்.

“அம்மா, மாமான்ர பதிவுக்குப் பதில் வந்திருக்கு.”

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “ஆர் போட்டது தம்பி?” என்று கேட்டார் கமலாதேவி.

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வெப்சைட்டைத் திறந்தான். திரையில் ஒரே வரி. இந்த யூசருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பாஸ்வேர்டை மறுபடி பார்த்தான், சரியாகத்தான் இருந்தது. பல் டாக்டர் வெப்சைட், அதே வரி. கருவாட்டு மண்டி, அதே வரி. பஸ் ராமேஸ்வரம் போய்ச் சேர்வதற்குள் அவனுடைய ராஜ்ஜியம் முழுக்க ஒரே வரியாகிவிட்டது.

காரணம் லாட்ஜில் கிடைத்தது. வெப்சைட் திறக்கும்போது திரையில் பூ கொட்ட வேண்டும் என்று மேனேஜருக்கு ஆசை. யாரோ ஓசியில் கொடுத்த பூ கொட்டுகிற சாமானை அவரே உள்ளே ஏற்றியிருக்கிறார். பூவோடு திருடனும் வந்துவிட்டான். வந்தவன் கையில் லாட்ஜ் சாவி அகப்பட்டது. அதுதான் லைன் முழுக்கத் திறக்கிற சாவி என்று தெரிந்ததும் அவன் அடைந்த சந்தோஷத்தை யாரால் சொல்ல முடியும்? எல்லா வீட்டிலும் சூதாட்டக் கடை போட்டுவிட்டான். கம்பெனிக்காரன் பார்த்தான். யூசரை முடக்கி, கணக்கையே பூட்டி, சீல் வைத்துவிட்டான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது கமலாதேவி சேலை மாற்றி, தலை வாரி, வாசலில் நின்றுகொண்டிருந்தார். பதில் பூட்டுக்குள் இருக்கிறது என்று சிவரூபன் சொன்னான். லாட்ஜ்காரனைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தார் போல. அவன் திட்டவில்லை. பூ கொட்டியது மேனேஜர் என்றாலும் சாவி தன்னுடையது என்று அவனுக்குத் தெரியும்.

கம்பெனிக்கு எழுதினான். அவர்கள் ரொம்ப மரியாதைக்காரர்கள். ஒவ்வொரு வரிக்கும் வணக்கம், ஒவ்வொரு வணக்கத்துக்கும் மன்னிப்பு. கணக்கைத் திறக்க வேண்டுமானால் பதிந்த நம்பருக்கு ஓடிபி வரும், அதைப் போடுங்கள் என்றார்கள். அந்த நம்பர் இப்போது இல்லை, மாற்ற வேண்டும் என்றான். தாராளமாக மாற்றலாம், மாற்றுவதற்குப் பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வரும் என்றார்கள். அதுவும் முடியாவிட்டால் கணக்குக்காரர் நேரில் வரட்டும், மாதக் கடைசிக்குள் யாரும் வராவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்று மறுபடியும் வணக்கம் சொன்னார்கள்.

கணக்குக்காரன் தம்மாமில் இருந்தான். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் முதலில் சிரித்தான், பிறகுதான் விஷயம் கேட்டான். கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஏலே சிவா, அந்த சிம்மு செத்து எத்தன வருசமாச்சு. நான் அங்கன இருக்கும்போதே காசு போடாம விட்டேன். இப்ப எவன் கையில இருக்கோ, அல்லாவுக்குத்தான்டா தெரியும்.”

லீவு கேட்டானாம். பெருநாள் கழித்துத்தான் என்று சொல்லிவிட்டார்களாம். பெருநாள் மாதக் கடைசிக்கு ரொம்பத் தள்ளி இருந்தது.

எவன் கையில் இருக்கிறதோ அவனையே கேட்டுவிடுவோம் என்று சிவரூபன் அந்தப் பழைய நம்பருக்கு அடித்தான். பின்னால் ஆட்டுச் சத்தம் கேட்க ஒரு பெண் எடுத்தார். முதுகுளத்தூர், பெயர் முருகலட்சுமி, தொழில் ஆட்டு வியாபாரம். நம்பரை வாங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகிறதாம். சிவரூபன் பணிவாக, உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி வரும் அக்கா, அதை எனக்குச் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தான். உலகத்தில் எந்தத் திருடனும் இவ்வளவு நேர்மையாக ஆரம்பித்திருக்க மாட்டான்.

“இந்தா பாரு தம்பி,” என்றார் முருகலட்சுமி. “எங் கொழுந்தன் இப்படித்தான் ஒரு நைசாப் பேசுறவன்கிட்ட நம்பரச் சொல்லிட்டு, இன்னும் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். நீ அக்காங்குற, அவன் அண்ணேன்னு கூப்பிட்டானாம். போன வைய்யி.”

வைத்தான். மறுபடி அடித்தான். பிளாக் செய்துவிட்டார். கடைக்கு வந்த ஒருவரின் போனிலிருந்து அடித்தான். அந்த நம்பரும் போயிற்று. உச்சிப்புளியில் பாதி நம்பர்கள் முருகலட்சுமியிடம் பிளாக் ஆனபிறகு, நேரில் போவதென்று முடிவெடுத்தான். கமலாதேவி விடியுமுன்பே புட்டு அவித்துக் கட்டிக் கொடுத்தார். சாயந்திரம் முகாமில் தலை எண்ணுகிற செக்கிங், அதற்குள் வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ராமநாதபுரத்தில் பஸ் மாறி, மிளகாய் காய்கிற வெயிலில் முதுகுளத்தூர் போய் இறங்கினான். ஆட்டு வியாபாரி முருகலட்சுமி என்று கேட்டதும் ஊரே கை நீட்டியது. பட்டிக்கு முன்னால் ஒரு கிடாயின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். இவன் யாரென்று சொன்னதும் கிடாயை விட்டுவிட்டு இவன் பல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“போன்ல வந்தவன் பஸ் ஏறியும் வந்துட்டியா. திருடன்னா நீதான்டா உழைக்கிற திருடன்.”

அவன் மெயிலைக் காட்டினான். மாமாவைப் பற்றிச் சொன்னான். இரண்டு படகு, பூட்டு, மாதக் கடைசி என்று எல்லாம் சொன்னான். முருகலட்சுமி முழுதும் கேட்டார், நம்பவில்லை. சினிமாவில்கூட இவ்வளவு சோகம் வைக்க மாட்டார்கள் என்றார். கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். உன் அம்மாவிடம் பேசவேண்டும். பெற்றவள் பேச்சில் பொய் இருந்தால் ஆட்டு நாக்கைப் பார்த்து நோயைச் சொல்வது மாதிரி எனக்குத் தெரிந்துவிடும்.

போனைப் போட்டுக் கொடுத்தான். பேசினார்கள். தம்பியைப் பற்றிக் கொஞ்ச நேரம்தான். மீதி முழுக்க ஆடு. மன்னாரில் கமலாதேவி வீட்டில் நின்ற ஆடுகள், அதில் ஒன்று எதைத் தின்று செத்தது, அதற்கு என்ன மருந்து கொடுத்திருக்க வேண்டும், கொடுத்திருந்தால் பிழைத்திருக்குமா என்று இரண்டு பேரும், செத்துப்போய் முப்பது வருடத்துக்கு மேலான ஒரு ஆட்டுக்கு வைத்தியம் பார்த்தார்கள். சிவரூபன் கிடாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். சரியாகச் சொன்னால் கிடாய்தான் அவனைப் பிடித்துக்கொண்டு நின்றது.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது முருகலட்சுமியின் குரல் மாறியிருந்தது. “வரச் சொல்லுப்பா அந்த நம்பர,” என்றார்.

முதல் ஓடிபி வந்தபோது அவர் கண்ணாடியைத் தேடினார். கிடைப்பதற்குள் அது காலாவதியாகிவிட்டது. இரண்டாவதை எட்டா மூன்றா என்று அவர் யோசிக்கிற நேரத்தில் அதுவும் போனது. மூன்றாவதைச் சிவரூபனே எட்டிப் பார்த்தான். லேப்டாப்பில் தட்டினான். பூட்டுத் திறந்தது.

பழைய யூசரைத் தூக்கி எறிந்தான். ‘எந்தப் படகு’ பெட்டிக்கு மட்டும் புதிதாக ஒரு யூசர், அதற்கு மண்டபம் கடற்கரை நீளத்துக்கு ஒரு பாஸ்வேர்டு. வெப்சைட்டின் வயிற்றுக்குள் அதை எழுதினான். பக்கம் வந்தது. அனுமதி மறுப்பு இல்லை. அம்மாவின் பதிவு வந்தது: இரத்தினசிங்கம், இடது புருவத்தில் வெட்டு, இரண்டாவது படகு. அதற்குக் கீழே, பதில்கள் எதுவும் இல்லை.

இன்னொரு தடவை திறந்தான். பெட்டிக்குள்ளேயே நேராகப் போய்த் தேடினான். இல்லை. கம்பெனிக்காரரிடம் அங்கேயே உட்கார்ந்து கேட்டான். வணக்கம் வந்தது, மன்னிப்பு வந்தது, பிறகு விஷயம் வந்தது. திருடன் புகுந்த பெட்டிகளைச் சுத்தம் செய்வதற்காக, அவன் வருவதற்கு முன்னால் எடுத்துவைத்த நகலைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். கெட்டுப்போன பெட்டியை அழித்துவிட்டார்கள். பதில் வந்தது நகல் எடுத்ததற்கும் பெட்டியை அழித்ததற்கும் நடுவில்.

யார் எழுதினார் என்று மெயிலைப் பார்த்தால் தெரியாது. அதைத்தான் அவன் ஏழு பூட்டுப் போட்டு எழுதியிருந்தானே. அதைவிட மோசமான ஒரு நினைப்பும் வந்தது. அந்தத் திருடனே கூட ஏதாவது குப்பையைப் பதில் என்று போட்டிருக்கலாம். இரத்தினசிங்கமாகவும் இருக்கலாம், சூதாட்டக்காரனாகவும் இருக்கலாம். இரண்டு பேரில் யார் என்று சொல்ல உலகத்தில் இனி ஒரு துண்டுச் சாட்சி கிடையாது.

“என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார் முருகலட்சுமி.

“ஒண்ணும் இல்லக்கா. போயிருச்சு.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?”

நானே சொல்கிறேன் என்று எழுந்தான். செக்கிங்குக்கு வந்து சேர்ந்தான், தலையைக் காட்டினான், எண்ணினார்கள். தலை எண்ணிக்கையில் சரியாக இருந்தது.

கமலாதேவி அழவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பதில் எண்டு ஒண்டு வந்தது உண்மைதானே?”

“ஓம் அம்மா. ஆனா ஆர் எண்டு தெரியாது. கள்ளன்ர வேலையாயும் இருக்கலாம்.”

“இருக்கட்டும். அப்ப நீ அதில எழுது. நீங்கள் போட்டதை நாங்கள் காணேல்லை, இன்னொருக்கால் போடுங்கோ எண்டு எழுது.”

எழுதினான். இன்னும் அந்தப் பதிவின் மேலே அந்த வரி இருக்கிறது. மற்ற வெப்சைட்டுகளுக்கும் தனித்தனி யூசர் போட்டுக் கொடுத்தான். லாட்ஜ் வேறு ஆளிடம் போய்விட்டது, அங்கேயும் பூ கொட்டுகிறது என்று கேள்வி. பெருநாள் கழித்து ஹமீது வந்தான். நம்பரைத் தன் புது நம்பராக மாற்றினான். அப்போதும் கணக்கு ஹமீது பெயரில்தான் இருந்தது. வேறு யார் பெயரில் இருக்க முடியும்?

அதற்குப் பிறகும் அந்தப் பதிவுக்குப் பதில்கள் வருகின்றன. அவ்வப்போது போன் துடிக்கும். சிவரூபன் கடையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்ப் பார்ப்பான். முடி கொட்டாமல் இருக்க எண்ணெய். ஒரே வாரத்தில் இங்கிலீஷ். பிறகு, யாருக்கோ வீட்டுக் கடன். பார்த்த கையோடு அழித்துவிடலாம் என்றால் கமலாதேவி விடமாட்டார். இப்போது ஒவ்வொன்றையும் சாயந்திரம் வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்ட வேண்டும். சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடி எண்ணெய் விளம்பரத்தை இவ்வளவு கவனமாகக் கேட்ட மனிதப் பிறவி அந்த எண்ணெய்க் கம்பெனியிலேயே இருக்காது.

பாதி வாசித்துவிட்டு, இது விளம்பரம்தான் அம்மா, அழிக்கிறேன் என்பான் சிவரூபன்.

“முழுக்க வாசி மோனை,” என்பார் கமலாதேவி. “கடைசியில பேர் போட்டிருக்கும்.”